15,000 ரூபாய்க்குள் எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் எது?

கேள்வி: என்னிடம் கேனான் 1500டி-யும் அதோடு வந்த 18-55 லென்ஸும் இருக்கின்றன. 15,000 ரூபாய்க்குள், எல்லாவற்றுக்கும் பயன்படுகிற மாதிரி ஒரே ஒரு லென்ஸ் வாங்க நினைக்கிறேன். எதை வாங்கலாம்?

டாம்ரான் 17-50 எஃப்/2.8 (17-50 என்பது மி.மீ. கணக்கில் ஜூம்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சத்தைக் கூடுதலாக உள்ளே விடும்). செகண்ட் ஹேண்டில். கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசர் இல்லாத பழைய மாடல். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம்.

இந்த மாதிரி கேள்வி வந்தாலே "50 எஃப்/1.8, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று ஆளாளுக்கு எழுதிவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த லென்ஸ் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. விலை குறைவு, எடை குறைவு, முகங்களை அழகாக எடுக்கும். ஆனால் உங்கள் கேமராவின் சென்சார் சின்னது. அதில் 50 மி.மீ. மாட்டினால், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 80 மி.மீ. மாட்டிய அளவுக்குத்தான் காட்சி உள்ளே வரும். பத்துக்குப் பத்து அறையில் பாட்டியையும் பேத்தியையும் சேர்த்து எடுக்கப் பின்னால் போனால் முதுகு சுவரில் இடிக்கும். நீங்கள் 'எல்லாவற்றுக்கும்' என்றல்லவா கேட்டிருக்கிறீர்கள்?

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். வெயிலில் கிட் லென்ஸ், அதாவது கேமராவோடு வந்த அந்த 18-55, நன்றாகவே எடுக்கிறது. வீட்டுக்குள், கோயிலுக்குள், மண்டபத்துக்குள் போனதும் படம் ஆடிப்போகிறது, இல்லையென்றால் புள்ளி புள்ளியாக வருகிறது. அப்படியென்றால் உங்களுக்குக் குறைவது தூரம் இல்லை, வெளிச்சம். கடையில் 18-200 மாதிரி ஏதாவதொன்றை 'ஆல் இன் ஒன்' என்று எடுத்து நீட்டுவார்கள். வாங்கிவிடாதீர்கள். அதுவும் கிட் லென்ஸ் அளவுக்குத்தான் திறக்கும்.

என் அத்தை பேத்திக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. தாழ்வான மண்டபம், ஒரே ஒரு டியூப் லைட். தாய்மாமன் மடியில் குழந்தை. ஃப்ளாஷைத் திறந்ததுமே ஆசாரி நிமிர்ந்து, "தம்பி, அதை அடிச்சா எனக்குக் கண்ணு கூசும், கையில ஊசி இருக்கு" என்றார். அவர் சொன்னது நியாயம், மூடிவிட்டேன். என் பங்காளி ஒருவரும் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தார், அவரிடம் கிட் லென்ஸ். முகத்துக்கு நெருக்கமாகப் போக 55-க்கு இழுத்தால் அது எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்வை, 6400 வரை ஏற்றியும் ஷட்டர் 1/30 நொடிதான் கிடைக்கிறது. அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில், என் டாம்ரான் 50-லும் எஃப்/2.8-க்குத் திறந்ததால் எனக்கு 1/125 நொடி கிடைத்தது. நான்கு மடங்கு வெளிச்சம். ஊசி இறங்கிய நொடியில் குழந்தை வாய் திறந்து வீறிட்ட படம் இன்றைக்கும் அத்தை வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. பங்காளியின் படத்தில் மாமன் தெளிவாக இருக்கிறார், குழந்தை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கலங்கலாகத் தெரிகிறது.

"கிட் லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே, இல்லாததைப் போய் சிபாரிசு செய்கிறானே" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். ஸ்டெபிலைசர் நம் கை ஆடுவதைத்தான் சரிக்கட்டும். அழுகிற குழந்தையின் தலையை அது பிடித்து நிறுத்தாது. ஆனால் ஆள் நடமாட்டமில்லாத பிரகாரத்தை இருட்டில் எடுக்க கிட் லென்ஸ்தான் மேல், 18-ல் அது எஃப்/3.5 வரை திறக்கவும் செய்யும். வீடியோவுக்கும் அதுவே, டாம்ரானின் மோட்டார் கர்ர் என்று கத்தும். அதனால் கிட் லென்ஸை விற்காதீர்கள், விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. ஸ்டெபிலைசர் உள்ள 17-50-யும் உண்டு. விலையும் எடையும் கூடுதல், படம் என் கண்ணுக்குப் பழையதுதான் கூர்மை. புதுவகை மிரர்லெஸ் கேமராக்களின் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு: கேட்டவர் கையில் இருப்பது 15,000 ரூபாய்.

அந்தக் காதுகுத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. கேமரா வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் வீட்டில் எப்போதுமே கடைசிப் பந்திதான். "மாப்ள, இந்த ஒரு குரூப் போட்டோ எடுத்துட்டு வந்துடு" என்று ஒவ்வொரு குடும்பமாக வந்து நிற்கும். எல்லாம் முடிந்து நான் இலையில் உட்காரும்போது கிடா விருந்தில் கறி தீர்ந்து குழம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஈரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் வாடகை பேசிக் கொடுப்பவர்களுக்குப் போட்டோ மட்டும் சும்மா வர வேண்டும். கேட்டால் "நீ நம்ம பையன்தானே" என்பார்கள். சரி, விடுங்கள்.

லென்ஸுக்கு வருவோம். 2006-ல் வந்த மாடல், இப்போது புதிதாகக் கிடைப்பது கஷ்டம். நான் பழையதாக 11,000 ரூபாய்க்கு வாங்கினேன், உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கலாம். போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், கேமராவை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ், பேரமே பேசாமல் திரும்பிவிடுங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

அடுத்ததைப் பலரும் சொல்வதில்லை. சுவரில் செய்தித்தாளை ஒட்டி, 50-ல் எஃப்/2.8 வைத்து, முதலில் வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஒரு படம், பிறகு லைவ் வியூவில், அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து, ஒரு படம் எடுங்கள். லைவ் வியூ படம் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால், அந்த லென்ஸும் உங்கள் கேமராவும் ஒத்துப்போகவில்லை. விலை உயர்ந்த கேமராக்களில் இதைத் திருத்த மெனுவிலேயே வழி உண்டு, 1500டி-யில் கிடையாது. அந்தப் பீஸை விட்டுவிட்டு வேறு தேடுங்கள். இதைப் படிக்கும் நிக்கான் 3000, 5000 வரிசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நிக்கானுக்கான இந்த லென்ஸ் முதலில் மோட்டார் இல்லாமல் வந்தது, அது உங்கள் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகாது. மோட்டார் வைத்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

ஜூம் வளையம் கேனானுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும், கொஞ்ச நாளில் கை பழகிவிடும். ஃபோகஸ் ஆகும்போது முன் வளையமும் சேர்ந்து சுழலும், விரலை அதன் மேல் வைக்காதீர்கள். கிட் லென்ஸுக்கு வாங்கிய 58 மி.மீ. ஃபில்டர் இதற்குச் சேராது, இது 67. விற்பவரிடம் லென்ஸ் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹுட் இருந்தால் அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள், தனியாக வாங்கப்போனால் அதற்கும் ஒரு விலை சொல்வார்கள்.