இ46 ஆறு சிலிண்டர் செடான்: கேள்வி பதில்

1998 முதல் 2005 வரை வந்த பி.எம்.டபிள்யூ இ46 செடானில் 325ஐ, 330ஐ இரண்டையும் பற்றிக் கேளுங்கள். எஞ்சின் எம்54. டீசல், பெயிண்ட், இன்ஷூரன்ஸ் எல்லாம் என் பாடம் இல்லை.

பழைய_சாவி: 2002 மாடல் 330ஐ, 1,80,000 கி.மீ. ஓடியது, பார்க்கப் போகிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

பானட்டைத் திறக்காதீர்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, பின்சக்கரங்களுக்கு நடுவே டார்ச் அடியுங்கள். பின் சப்ஃப்ரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டம்) பாடியின் தரைத்தகட்டில் நான்கு இடத்தில் போல்ட் ஆகியிருக்கும். இந்த மாடலின் உண்மையான வியாதி அந்த நான்கு இடங்களில்தான். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு பக்கம், பிரேக் பிடிக்கும்போது மறுபக்கம் என்று சப்ஃப்ரேம் அந்த மெல்லிய தகட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் அப்படி இழுபட்டு ஸ்பாட் வெல்டு விடும், பிறகு தகடு கிழியும். எம்3 என்ற வேக மாடலுக்கு மட்டும்தான் இது வரும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம், 325ஐ-யிலும் வரும்.

அடிப்பூச்சில் மயிரிழை வெடிப்பு, சீலரில் துருக்கோடு, போல்டைச் சுற்றித் தகடு லேசாக உப்பியிருப்பது, மூன்றில் எது தெரிந்தாலும் கிழிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முன் இடது மவுண்ட்டை முதலில் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது முதல் கியரில் கிளம்பினாலும் ரிவர்ஸ் போட்டாலும் பின்னால் "டொக்" என்று ஒரு சத்தம் வந்தால் சந்தேகம் உறுதி. வேறு பாகங்களாலும் அந்தச் சத்தம் வரலாம், ஆனால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கிழிசல் சிறியது என்றால் வண்டியை விட வேண்டியதில்லை, விலையைக் குறையுங்கள். சப்ஃப்ரேமை இறக்கி, பூச்சை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி, ஒவ்வொரு வெடிப்பின் முனையிலும் 3 மி.மீ. துளை போட வேண்டும். துளை போடாமல் வெல்டு அடித்தால் வெடிப்பு வெல்டைத் தாண்டி ஓடும். பிறகு வெடிப்பை வெல்டு செய்து, மேலே வலுவூட்டும் தகடுகளை நான்கு மவுண்ட்டிலும் பற்றவைத்து, பிரைமர், சீலர், உள்ளறைகளுக்கு மெழுகுத் தெளிப்பு. கிழிந்த மூலையை மட்டும் தைத்தால் அடுத்த மூலை கிழியும். வெல்டுக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது, அதை இறக்காமல் தீப்பொறி பறக்க விடும் டிங்கரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

முள்நடுவில்: டெம்பரேச்சர் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. அப்படியென்றால் கூலிங் நன்றாக இருக்கிறது, சரிதானே?

இல்லை. அந்த முள் உங்களைப் பதற விடாமல் இருக்கச் செய்யப்பட்டது. ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 115 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி மீட்டரில் அமைத்திருக்கிறார்கள். அது அசையும்போது தண்ணீர் ஏற்கெனவே கொதிக்கிறது. இந்த எஞ்சினின் பிளாக் அலுமினியம், ஒருமுறை நன்றாகச் சூடேறினால் ஹெட் போல்ட்டின் மரை பிளாக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதன் பிறகு மரையில் இன்செர்ட் போட்டு எஞ்சினைக் கட்ட ஆகும் செலவில் இரண்டு கூலிங் செட் வாங்கலாம்.

உண்மையான சூடு தெரிய வேண்டுமா? சாவி முதல் நிலையில் இருக்கும்போது ட்ரிப் மீட்டர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மறைந்திருக்கும் சோதனை மெனு வரும். அதில் 19-ஆம் சோதனையில் பூட்டைத் திறந்து 7.0-ஆம் சோதனைக்குப் போனால் கூலண்டின் சூடு எண்ணாக வரும். பூட்டுக்கான எண் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களின் கூட்டுத்தொகை.

தண்ணீர்க்காரன்: கூலிங் செட் என்றால் என்னென்ன? தனித்தனியாகப் போடலாமா?

போடக்கூடாது. ரேடியேட்டர், எக்ஸ்பான்ஷன் டேங்க், மூடி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மேல் கீழ் ஹோஸ்கள், கீழ் ஹோஸில் உட்காரும் சென்சாரின் ஓ-ரிங், பெல்ட்டுகள், டென்ஷனர், ஐட்லர் புல்லி. எல்லாமே பிளாஸ்டிக்கும் ரப்பரும், எல்லாமே ஒரே சூட்டில் ஒரே வயது ஆனவை. பழைய டேங்க்கை விட்டுவிட்டுப் புது பம்ப் போட்டால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் பிடிக்கும். 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுவதுதான் கணக்கு. பம்ப் வாங்கும்போது உள்ளே சுழலும் இறக்கை உலோகமா என்று பாருங்கள், பழைய பிளாஸ்டிக் இறக்கை தண்டிலிருந்து உடைந்து சும்மா சுற்றும்.

ஃபேன் எஞ்சினோடு சுற்றும் வகை என்றால் 32 மி.மீ. நட், மரை இடக்கை. கழற்றக் கடிகாரத் திசையில் திருப்ப வேண்டும். பழைய பம்பை நெம்பாதீர்கள். அதன் விளிம்பில் இரண்டு எம்6 மரைத்துளைகள் இருக்கும், இரண்டிலும் போல்ட் விட்டு மாற்றி மாற்றிச் சமமாக முறுக்கினால் பம்ப் தானாக வெளியே வரும். புதியதை 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டாம்.

ரேடியேட்டரை மட்டும் வடித்தால் பழைய கூலண்ட் பிளாக்கில் தங்கிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் பிளாக்கில் ஒரு வடிகால் போல்ட் உண்டு, அதையும் திறங்கள். நைட்ரைட், பாஸ்பேட் இல்லாத நீலநிறக் கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. மொத்தம் 8 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

காற்று எடுப்பது இப்படி: எஞ்சினை ஓட விடாமல் சாவியை இரண்டாம் நிலையில் வையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோவரைக் குறைந்த வேகத்திலும் வைத்தால் ஹீட்டர் வால்வு திறக்கும். டேங்க் பக்கத்து ப்ளீட் ஸ்க்ரூவைக் கழற்றி, மெதுவாக ஊற்றுங்கள். குமிழி நின்று முழு நீராக வழியும்போது ஸ்க்ரூவைப் போடுங்கள். அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக்தான், பித்தளையில் விற்பதை வாங்காதீர்கள். பித்தளை உடையாது, டேங்க்கின் பிளாஸ்டிக் மரையைத்தான் தின்னும்.

புகைக்குழல்: 325ஐ-க்கு ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் போட்டால் எவ்வளவு பி.எச்.பி. கூடும்?

சத்தம் கூடும்.

வேகம்_வேண்டும்: கோல்டு ஏர் இன்டேக்கும் ஸ்டேஜ் 1 மேப்பும் போட்டால்?

டர்போ இல்லாத எஞ்சினில் மேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருள் மாற்றம்) மட்டும் போட்டால் கிடைப்பது சொற்பம். 325ஐ 192 பி.எஸ்., 330ஐ 231 பி.எஸ். அந்த இடைவெளியை எந்த மேப்பும் நிரப்பாது. அதே பணத்தில் வானோஸ் (கேம் டைமிங்கை நகர்த்தும் யூனிட்) சீல் மாற்றுங்கள், தொலைந்துபோன பவர் திரும்பி வரும்.

ரப்பர்_எதிரி: முன்னும் பின்னும் எல்லா புஷ்ஷையும் பாலியூரித்தேனுக்கு மாற்றப் போகிறேன். முழு கிட் வாங்கிவிட்டேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது?

பின் ட்ரெய்லிங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் நீளமான கை) புஷ்ஷைக் கிட்டிலிருந்து எடுத்து ஓரமாக வையுங்கள். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த ஆர்ம் ஒரே அச்சில் ஆடுவதில்லை. பக்கத்து லிங்குகள் இழுப்பதால் கொஞ்சம் சாயவும் முறுக்கவும் செய்யும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். பாலி ஒரு திசையில் மட்டுமே சுலபமாகச் சுழலும், மற்ற திசைகளில் பிடித்துக்கொள்ளும். அந்த விசை போய்ச் சேரும் இடம் பாடித் தகடு.

ரப்பர்_எதிரி: ரேஸ் வண்டியில் எல்லாம் பாலிதானே போடுகிறார்கள்? ரப்பர் கொஞ்ச நாளில் கிழிந்து பின் டயரின் உள்விளிம்பு தேய்கிறது. எத்தனை முறை மாற்றுவது?

மரைகழண்டவர்: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். முழு ரேஸ் வண்டியில் அந்த இடத்தில் போடுவது உருண்டை பேரிங். அது எல்லாத் திசையிலும் திரும்பும். பாலி இரண்டுக்கும் நடுவில் தொங்குவது.

மரைகழண்டவர் சொன்னது சரி. டயர் தேய்வதும் உண்மைதான். புஷ் தளர்ந்தால் பிரேக்கில் ஒரு டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்), ஆக்ஸிலரேட்டரில் இன்னொரு டோ. ஆனால் ரப்பர் சீக்கிரம் கிழிவது பெரும்பாலும் மாட்டியவர் கைவேலை. புஷ்ஷின் நடு போல்ட்டை, ஆர்ம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் ரப்பர் நாள் முழுக்க முறுகியே நிற்கும். கழற்றுவதற்கு முன், பாடியில் மாட்டும் கன்சோல் ஆர்மோடு என்ன கோணத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புதியதை அதே கோணத்தில் வைத்து நடு போல்ட்டை 110 நியூட்டன் மீட்டர், பிறகு கன்சோலின் மூன்று போல்ட்டுகளை 77. அழுத்தி ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் ரப்பரை ஊற வைத்துவிடும்.

ரப்பர்_எதிரி: அப்படியே சரியாக மாட்டினாலும் பக்கவாட்டு ஆட்டம் இருக்கிறதே. வளைவில் பின்பக்கம் ஒரு கணம் தாமதமாக வருகிறது.

அதற்கு லிமிட்டர் இருக்கிறது. புஷ்ஷின் இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய வட்டத்தகடு, பக்கவாட்டு ஆட்டத்தை மட்டும் குறைக்கும், சுழற்சியைத் தொடாது. ரப்பரும் லிமிட்டரும் சேர்ந்தால் தெருவுக்கும் எப்போதாவது டிராக்குக்கும் போதும்.

வெல்டர்_மகன்: ஒரு சந்தேகம். தரைத்தகடு ஏற்கெனவே வலுவூட்டியிருந்தால் பாலி போடலாம்தானே? விசை போனால் போகட்டும்.

தகடு தாங்கும். ஆர்ம் பிடித்துக்கொள்வது மாறாது, சஸ்பென்ஷன் சுதந்திரமாக ஆடாமல் மேடுபள்ளத்தில் பின்பக்கம் துள்ளும். சப்ஃப்ரேம் புஷ் வேறு கதை. அங்கே அசைவே தேவையில்லை, வலுவூட்டிய பிறகு பாலி தாராளமாகப் போடலாம். வலுவூட்டாமல் போட்டால் முதல் பதிலுக்கே திரும்பி வருவீர்கள். டிஃப் (டிஃபரன்ஷியல்) புஷ்ஷில் பாலி போட்டால் உறுமல் கேபினுக்குள் வரும். முன் கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷில் பாலி போடுவதை நான் தடுக்க மாட்டேன், ஆர்ம் மட்டும் லெம்ஃபோர்டர் கம்பெனியுடையதாக வாங்குங்கள்.

ரப்பர்_எதிரி: வாங்கிய கிட்டில் பாதி வீண் என்கிறீர்கள்.

ஆமாம்.

காலை_இழுவை: 3000 ஆர்.பி.எம்.-க்குக் கீழே சோம்பல், குளிர்ந்த எஞ்சினில் கிளம்பும்போது தயக்கம். ஸ்கேனரில் பிழைக் கோடு எதுவும் இல்லை.

வானோஸ் பிஸ்டனைச் சுற்றியுள்ள ஓ-ரிங் இறுகிப்போயிருக்கும். எண்ணெய்ச் சூட்டில் அந்த ரப்பர் கெட்டிப்பட்டு அழுத்தத்தைக் கசிய விடும், கேம் டைமிங் சொன்னபடி நகராது. மாற்றாக வருவது வைட்டான் ஓ-ரிங்கும் அதன் மேல் டெஃப்லான் வளையமும். வால்வு கவரைக் கழற்றி, வானோஸ் யூனிட்டின் முன் மூடிகளைத் திறந்தால் டி30 டார்க்ஸ் ஸ்க்ரூ தெரியும். இடக்கை மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகித் தலை சிதையும். யூனிட் வெளியே இருக்கும்போது கிராங்க்கைத் திருப்பவே கூடாது. பழைய வளையத்தை வெட்டும்போது பிஸ்டன் பள்ளத்தில் கீறல் விழக்கூடாது. டெஃப்லான் வளையத்தை வெந்நீரில் போட்டு இளக்கி ஏற்றி, அது மறுபடி சுருங்கும்வரை பொறுங்கள். பலன் உடனே வராது, சில நூறு கி.மீ. ஓடி வளையம் பதிந்த பிறகுதான் தெரியும்.

வால்வு கவர் கழற்றியதுதான் கழற்றினீர்கள், அதன் கேஸ்கெட்டையும் ஸ்பார்க் பிளக் கிணற்றுக் கேஸ்கெட்டுகளையும் மாற்றிவிடுங்கள். மூடும்போது 10 நியூட்டன் மீட்டர்.

எண்ணெய்_குடி: ஆயில் குறைகிறது, புகை இல்லை, கீழே சொட்டும் இல்லை. ரிங் போய்விட்டதா?

ரிங்கைத் தொடுவதற்கு முன் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் ஆயில் பிரிப்பானையும் அதன் நான்கு ஹோஸ்களையும் மாற்றுங்கள். அடைத்துக்கொண்டால் எஞ்சின் தன் எண்ணெயைத் தானே உறிஞ்சும். குளிர் நாட்டில் உள்ளே ஈரம் உறைந்து இன்னும் மோசம். அதே பக்கத்தில் டிசா வால்வையும் (இன்டேக் காற்றுப் பாதையை மாற்றும் மடல்) வெளியே எடுத்துப் பாருங்கள், மடலின் அச்சாணி தளர்ந்திருந்தால் அது ஒருநாள் சிலிண்டருக்குள் போகும். ஆயில் 6.5 லிட்டர், ஃபில்டர் மூடிக்கு 36 மி.மீ. பாக்ஸ், 25 நியூட்டன் மீட்டர்.

பெரியசக்கரம்: என்னிடம் இ39 வீல் செட் இருக்கிறது. மாட்டலாமா? அப்படியே பெரிய பிரேக்கும் போட ஆசை.

போல்ட் வட்டம் இரண்டிலும் 5x120. ஆனால் இ39-இன் நடுத்துளை 74.1, இ46-க்கு 72.6. வளையம் போடாமல் மாட்டினால் ஸ்டியரிங் நடுங்கும். ஆஃப்செட்டும் குறைவு, சக்கரம் ஃபெண்டருக்கு வெளியே தள்ளும். 17 அங்குலத்தில் முன் 225/45, பின் 245/40 போதும். பிரேக்குக்கு 330ஐ-யின் முன் டிஸ்க் 325 மி.மீ., அதன் காலிப்பரோடும் கேரியரோடும் சேர்த்து வாங்குங்கள். 16 அங்குல வீல் அதற்கு இடம் கொடுக்காது. வீல் போல்ட் 120 நியூட்டன் மீட்டர், ஏர் கன்னில் கடைசி முறுக்கு வேண்டாம்.

கியர்_ஆசை: ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக மாற்ற கியர்பாக்ஸ் மட்டும் வாங்கினால் போதுமா?

போதாது. பெடல் செட், கிளட்ச் மாஸ்டர், ஸ்லேவ், ஃப்ளைவீல், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் தாங்கும் குறுக்குச்சட்டம், ரிவர்ஸ் லைட் வயரிங், பார்க்-நியூட்ரல் சிக்னல், பிறகு கம்ப்யூட்டர் கோடிங். டிஃப் விகிதத்தையும் அதன் பட்டையில் படித்துப் பாருங்கள், ஆட்டோமேட்டிக்கின் விகிதத்தோடு நெடுஞ்சாலையில் ஆர்.பி.எம். ஏறியே நிற்கும். விபத்தில் போன மேனுவல் வண்டி ஒன்றை முழுதாக வாங்குவதுதான் மலிவு.

சட்டப்புலி: இந்தியாவில் இதெல்லாம் பதிவுப் புத்தகத்தில் ஏறுமா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐயும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பையும் படித்துவிட்டு ஆர்.டி.ஓ.வில் கேளுங்கள்.

டீசல்_தம்பி: 320டி பற்றி...

இன்டேக்கில் ஸ்வர்ல் ஃப்ளாப் (காற்றைச் சுழற்றிவிடும் சிறு மடல்) இருக்கிறதா பாருங்கள், உடைந்தால் எஞ்சினுக்குள் விழும். மற்றதை டீசல்காரரிடம் கேளுங்கள்.

முழக்கம்: 330ஐ-க்கு எந்த எக்ஸாஸ்ட் போட்டால் பவர் கூடும்?

மேலே புகைக்குழலுக்குச் சொன்னதுதான்.

நடுமுள்_2: சார், ஊற்றும்போது காற்று எடுத்தேன், ஆனாலும் ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது. முள் நடுவில்தான் இருக்கிறது.

முள்ளைப் பற்றி மறுபடியும் எழுத வைக்காதீர்கள். ஹீட்டரில் குளிர்காற்று என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, வண்டியை ஓட்டாதீர்கள். எஞ்சின் முழுக்க ஆறட்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்ட் வையுங்கள், ப்ளீட் ஸ்க்ரூ உயரமான இடத்துக்கு வரும். சாவி இரண்டாம் நிலை, ஹீட்டர் முழுச் சூடு, மறுபடி மெதுவாக ஊற்றுங்கள். மூடிய பிறகு எஞ்சினை ஓட விட்டு 7.0-ஐப் பாருங்கள். எண் 110-ஐத் தாண்டினால் உடனே அணையுங்கள்.