மோட்டார் சங்கம் என்றால் பஞ்சர் ஒட்ட மட்டும்தானா?

பழுதான வண்டியை இழுப்பதைத் தவிர இந்தச் சங்கங்கள் என்ன செய்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் ஒன்று பிறந்ததே போலீசோடு மல்லுக்கட்டத்தான். 1905-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஆட்டோமொபைல் அசோசியேஷன், வேகமாகப் போகும் காரைப் பிடிக்க மறைந்திருக்கும் போலீசைக் காட்டிக்கொடுக்க சைக்கிளில் ஆள் நிறுத்தியது. அது குற்றம் என்று தீர்ப்பானதும் உத்தியை மாற்றினார்கள். உறுப்பினர் காரைக் கண்டால் சல்யூட். சல்யூட் இல்லையென்றால் முன்னால் போலீஸ். குசும்புதான்!

இப்போது வேலை காகிதத்தில். மத்திய மோட்டார் வாகன விதிக்கு வரைவு வந்தால், கருத்துச் சொல்ல வழக்கமாக 30 நாள் கிடைக்கும்; சங்கம் எழுதினால் கனம் அதிகம். நம் நாங்குநேரி டோல்கேட்டில் தனியாக நின்று வாதாடினால் பின்னால் ஹாரன்தான் கேட்கும். டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் சொந்தக் காருக்கு மாதப் பாஸ் உண்டு என்று 2008 தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியிலேயே இருக்கிறது. விதியைக் காட்டி, பத்துப் பேர் கையெழுத்தோடு மனு கொடுங்கள்.