குசினி யாருடையது என்று முதலில் கேளுங்கள்

தம்பி,

நீங்கள் கேட்டது இதுதான். வருகிற செப்டெம்பரில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்குப் படிக்க வருகிறீர்கள். மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. உங்களுக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்று கல்லூரிகளின் இணையத்தளத்திலும், எங்களைப் போன்றவர்களை வரவேற்கிறோம் என்று காட்டும் வானவில் கொடி பறக்கிறது, எதை நம்புவது என்று எழுதியிருந்தீர்கள்.

கொடியை விடுங்கள். ஜூன் மாதம் வந்தால் இங்கே வங்கி வாசலிலும் அதே கொடிதான். நானும் இப்படித்தான் மாணவனாக வந்து இறங்கியவன். கல்லூரிக்குள் எனக்கு ஒரு நாளும் பெரிய தொல்லை வந்ததில்லை. வந்தது வகுப்பு முடிந்து போய்ப் படுக்கிற இடத்தில்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுத்தில் அது நன்றாகவே இருக்கிறது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் ஒன்றாகப் பாலீர்ப்பு 1986இல் சேர்க்கப்பட்டது, பாலின அடையாளம் 2012இல். தன்பாலினத் திருமணம் நாடு முழுவதும் 2005இல் சட்டமானது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் எங்களைப் போன்ற மாணவர்கள் 1969இலேயே சங்கம் வைத்துக் கூடியிருக்கிறார்கள். கனடா அரசு தருகிற படிப்பு அனுமதிக்கான (study permit) விண்ணப்பத்தில் உங்கள் ஈர்ப்பைப் பற்றிக் கேள்வியே இல்லை. நீங்களாகச் சொல்லவும் தேவையில்லை.

மத அமைப்புகள் நடத்தும் தனியார் நிறுவனங்களில் மட்டும் கொஞ்சம் நின்று நிதானித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ட்ரினிட்டி வெஸ்டர்ன் பல்கலைக்கழகம், ஆண் பெண் திருமணத்துக்கு வெளியே உடலுறவு இல்லை என்று மாணவர்களிடம் உறுதிமொழி வாங்கியது. அது தொடங்க நினைத்த சட்டக் கல்லூரியை வழக்கறிஞர் சங்கங்கள் ஏற்க மறுத்தது சரிதான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் பல்கலைக்கழகம் அந்த உறுதிமொழியை மாணவர்களுக்குக் கட்டாயமில்லை என்று மாற்றியது. சேர்க்கைக் கடதாசிகளுக்குள் "நடத்தை உறுதிமொழி" மாதிரி ஏதாவது கிடந்தால் கையெழுத்துப் போட முன்னர் முழுவதையும் வாசியுங்கள்.

இனி வீட்டு விஷயம். என் முதல் குளிர்காலத்தில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு தமிழ் வீட்டின் மேல் அறையில் இருந்தேன். குசினியும் குளியலறையும் வீட்டுக்காரரோடு பொது. நல்ல சனம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அன்ரி கஞ்சி கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவா. ஒரு நாள் படிக்கட்டைத் துப்புரவாக்க என் பையைத் தூக்கியிருக்கிறா. பையின் ஓரத்தில் மாணவர் மையத்தில் தந்த ஒரு சின்ன வட்டச் சட்டைப்பின், பத்துச் சதக் குற்றி அளவுதான். அதில் இருந்த நிறங்கள் அவவுக்கு விளங்கிவிட்டன. ஒரு சொல் கேட்கவில்லை. அன்று இரவு அங்கிள் வந்து, "மருமகன் வாறார் தம்பி, மாதக் கடைசிக்குள்ள அறையை விட்டுத் தாரும்" என்றார். மருமகன் ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரமே தமிழ்க் கடை அறிவிப்புப் பலகையில் அந்த அறை "வாடகைக்கு" என்று தொங்கியது.

இலவச சட்ட உதவி நிலையத்துக்குப் போனேன். அங்கேதான் இந்த ஓட்டையைத் தெரிந்துகொண்டேன். வீட்டு உரிமையாளரோ அவர் குடும்பமோ அதே வீட்டில் இருந்து, குசினியையோ குளியலறையையோ நீங்கள் அவர்களோடு பகிர வேண்டியிருந்தால், வீடு தருவதில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற மனித உரிமைச் சட்டப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. வாடகைக் குடியிருப்புச் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதே வீட்டின் பேஸ்மென்ட் என்றாலும், தனிக் குசினி, தனிக் குளியலறை இருந்தால் நிலைமை வேறு. ஆகவே அறை பார்க்கப் போகும்போது வாடகையைக் கேட்க முன்னர் குசினி யாருடையது என்று கேளுங்கள்.

முடிந்தால் முதல் வருடம் கல்லூரி விடுதியிலேயே இருங்கள். செலவு கூடத்தான். ஆனால் அங்கே சட்டமும் இருக்கும், முறையிட ஒரு கதவும் இருக்கும். விண்ணப்பத்தில் பாலின வேறுபாடு பார்க்காத அறைத் தெரிவு இருக்கிறதா, தனி அறை கிடைக்குமா என்று பாருங்கள். இன்னொன்று, இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நத்தார் விடுமுறைக்குப் பல விடுதிகள் பூட்டிவிடும். மற்றப் பெடியள் உறவினர் வீட்டுக்குப் போவார்கள். உங்களுக்கு அந்த இரண்டு மூன்று கிழமை எங்கே? இதற்குப் பதில் இல்லாத கல்லூரி எத்தனை கொடி ஏற்றினாலும் எனக்குப் பெரிதில்லை.

அந்தக் கேள்வியையே நீங்கள் சோதனையாக வைக்கலாம். உங்கள் பெயர் இல்லாத ஒரு புது மின்னஞ்சலில் இருந்து மூன்று கல்லூரிக்கும் எழுதுங்கள்: நான் பால்புதுமை மாணவன், வீட்டுக்குத் தெரியாது, டிசம்பர் விடுமுறையில் விடுதியில் இருக்கலாமா, அறைத்தோழரோடு பிரச்சினை வந்தால் யாரிடம் போவது. பின்னர் ஒருவருக்கு நான் இப்படிக் கேட்டுக் கொடுத்தேன். ஒரு கல்லூரி மூச்சுவிடவில்லை. ஒன்று நாற்பது பக்கக் கொள்கை ஆவணத்தை அனுப்பியது. மூன்றாவதில் ஒரு பெண்மணி தன் பெயரைப் போட்டு, "விடுதி மூடும் தேதி இது, முன்கூட்டிச் சொன்னால் அறை வைத்திருப்போம், வந்ததும் என்னை வந்து பாருங்கள்" என்று ஆறு வரி எழுதினார். நான் கேட்டுக் கொடுத்தவர் அந்த மூன்றாவதில்தான் படித்தார்.

அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடி எடுத்து நடத்தும் சின்னத் தனியார் கல்லூரிகளில் விடுதியே இருக்காது, மாணவர் சங்கமும் இருக்காது. உங்கள் பட்டியலில் ஒன்று அப்படித்தான் தெரிகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. வந்து பார்த்து மாறலாம் என்றும் நினைக்காதீர்கள். 2024 நவம்பரில் இருந்து, கல்லூரி மாறுவதென்றால் புதிதாகப் படிப்பு அனுமதி எடுத்த பிறகுதான் மாறலாம்.

பெரிய நகரமா சின்ன ஊரா என்றும் கேட்டிருந்தீர்கள். ரொறன்ரோவில் சேர்ச் வீதியும் வெல்ஸ்லி வீதியும் சந்திக்கிற பக்கம் போனால் நீங்கள் தனியாள் இல்லை என்று தெரியும். 519 என்ற சமூக நிலையம் அங்கேதான். ஆனால் எங்கள் சனமும் இந்த நகரத்தில்தான் நிறைய. சுரங்க ரயிலில் பக்கத்தில் நிற்பவர் உங்கள் மாமாவின் கூட்டாளியாக இருக்கலாம். தூரத்து ஊரில் அந்தப் பயம் குறையும், தனிமை கூடும். இதில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்குக் கூட்டம்தான் சரிவந்தது. சங்க நிகழ்வுகளில் படம் எடுக்கும்போது மட்டும், "என் முகம் வேண்டாம்" என்று முதலே சொல்லிவிடுவேன். ஒருவரும் கோபிக்கவில்லை.

உங்கள் நண்பர் திருநம்பி, அவரும் பின்னால் வருவார் என்றீர்கள். பல கல்லூரிகள் வகுப்புப் பட்டியலிலும் மாணவர் அட்டையிலும் தெரிவுசெய்த பெயரைப் போடுகின்றன. படிப்பு அனுமதியில் கடவுச்சீட்டில் உள்ள பெயர்தான் இருக்கும். இரண்டும் வேறாக இருக்கும்போது பரீட்சை மண்டபத்தில் எதைக் காட்டுவது என்று அவர் முதலே கேட்டு வைக்கட்டும்.

கடைசியாக, முகவர். உங்கள் விண்ணப்ப மின்னஞ்சலை அவர்தான் திறந்தார், அப்பாவின் கூட்டாளி என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விடுதிக் கடிதம், ஆலோசகர் நேரம் குறித்த செய்தி, எல்லாம் முதலில் அவர் கண்ணில் படும். பதினெட்டு தாண்டிய மாணவரின் விவரத்தை எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இங்கே கல்லூரிகள் பெற்றோருக்குக் கொடுப்பதில்லை. அந்தச் சம்மதப் படிவத்தையே மற்றக் கடதாசிகளோடு சேர்த்துச் சில முகவர்கள் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நீங்கள் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் கல்லூரிக்கு எழுதி மீளப் பெறலாம். இன்று இரவே கடவுச்சொல்லை மாற்றுங்கள், மீட்பு எண்ணாக முகவரின் தொலைபேசி இருந்தால் அதையும் எடுங்கள். அதன் பிறகு மூன்று கல்லூரியும் என்ன பதில் போட்டன என்று எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.