தண்ணீர் ஊற்றியே சாகடிக்கிறோம்: ஈழத்தலரி பற்றிய வாசகர் கேள்விகள்

பெருங்கள்ளி, ஈழத்தலரி, ப்ளுமேரியா என மூன்று பெயர்களிலும் கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் ஒரே மரம்தான். பெயரில் கள்ளி இருந்தாலும் கள்ளிக்கும் இதற்கும் உறவில்லை. அரளி, நித்தியகல்யாணி இவற்றின் குடும்பம். பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். சார்ல் ப்ளுமியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெயரிலிருந்து ப்ளுமேரியா வந்தது.

கேள்வி: பக்கத்து வீட்டு மரத்திலிருந்து நாலு குச்சிகள் வெட்டி, அன்று சாயங்காலமே செம்மண்ணும் தொழுவுரமும் கலந்த தொட்டியில் நட்டேன். புரட்டாசிக் கடைசி. தினமும் தண்ணீர் விட்டேன். இருபது நாளில் துளிர் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் துளிர் கருகி, அடி கறுத்து, இழுத்தால் கையோடு வந்துவிட்டது. உள்ளே கூடாக இருந்தது. எங்கே தப்பு?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: நாலு தப்புகள். உடனே நட்டது, தொழுவுரம் சேர்த்தது, மழைக்காலத்தில் வைத்தது, தினமும் தண்ணீர் விட்டது. நாலாவதுதான் கொலைக்காரணம்; மற்ற மூன்றும் உடந்தை.

ஈழத்தலரிக் குச்சி தன் சதையிலேயே நீரையும் மாவுச்சத்தையும் சேர்த்து வைத்திருக்கும். வேர் இல்லாத குச்சியால் மண்ணிலிருந்து எதையும் பெரிதாக உறிஞ்ச முடியாது. நாம் ஊற்றும் தண்ணீர் மண்ணிலேயே தங்கி, காற்றை வெளியேற்றி, அழுகல் பூசணத்தை வளர்க்கும். வெட்டுவாய் ஆறாமல் பச்சையாக இருந்தால் பூசணம் நேரே உள்ளே நுழையும். முதலில் நடுத்தண்டுதான் அழுகும். அதனால்தான் உள்ளே கூடாகிப் போயிற்று. நீங்கள் பார்த்த துளிர், குச்சியின் சேமிப்பில் வந்தது. அதற்கும் வேருக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்த முறை மாசி, பங்குனியில் தொடங்குங்கள். மரம் இலையுதிர்ந்து நிற்கும், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். இதைவிட நல்ல நேரம் கிடையாது. சித்திரை, வைகாசி வரை தாராளமாகச் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம்.

கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாத, ஒன்று முதல் ஒன்றரை அடி நீளமுள்ள நுனிக்கொப்பாக எடுங்கள். அடிப்பகுதித் தோல் பச்சையாக இருக்கக் கூடாது, சாம்பல் நிறத்துக்கு முற்றியிருக்க வேண்டும். இளம்பச்சைத் தண்டு மிகச் சுலபமாக அழுகும். அரிவாளால் கொத்தினால் நார் நசுங்கும். ஸ்பிரிட் தடவிய கூர்மையான கத்தியோ கொப்பு வெட்டும் கத்தரியோ வேண்டும். பால் கொட்டும். வெட்டுவாயைத் தண்ணீரில் கழுவி, நுனியில் விரல் நீளக் குருத்திலைகள் இரண்டு மூன்றை விட்டு, மற்ற இலைகளைக் காம்பில் அரை அங்குலம் விட்டு நறுக்கிவிடுங்கள். மிச்சக் காம்பு தானே காய்ந்து உதிரும். பூங்கொத்து இருந்தால் அதையும் கிள்ளுங்கள்; இருக்கிற சேமிப்பைப் பூ தின்றுவிடும்.

இனிமேல்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. குச்சியை நிழலில், காற்றாடும் இடத்தில் 7 முதல் 14 நாள் காயவிட வேண்டும். படுக்கவைத்தாலும் சரி, சாய்த்து வைத்தாலும் சரி. ஈரமான தரை மட்டும் ஆகாது. வெட்டுவாய் கெட்டியாகி, நகத்தால் தட்டினால் காய்ந்த கட்டைபோல் சத்தம் வரவேண்டும். தோல் லேசாகச் சுருங்கினால் பயப்படாதீர்கள், வேர் பிடித்ததும் உப்பிவிடும். முருங்கைப் போத்தை வெட்டிய கையோடு ஊன்றிப் பழகியவர்களுக்கு இது விநோதமாகத் தோன்றும். ஆனால் ஈழத்தலரிக்கு இந்தக் காத்திருப்புதான் பாதி வேலை.

மண் கலவை: பருமணல் இரண்டு பங்கு, கழுவிப் பிழிந்த தேங்காய் நார்க் கழிவு ஒரு பங்கு. மணலுக்குப் பதில் பெர்லைட்டும் (சூட்டில் பொரித்த, எடைகுறைந்த வெள்ளை எரிமலைக் கல் துகள்) போடலாம். எம்-சாண்டாக (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) இருந்தால் தூசியைக் கழுவிவிட்டுப் பயன்படுத்துங்கள். அந்தத் தூசி சிமெண்டுபோல் இறுகி வடிகாலை அடைக்கும். தொழுவுரம், மண்புழு உரம் எதுவும் இப்போது கூடாது. ஆறு அங்குல அகலமுள்ள கறுப்பு நாற்றுப் பை போதும். கறுப்பு நிறம் வெயிலில் சூடாகும், அடிச்சூடு வேரைச் சீக்கிரம் இழுக்கும். வேர்விடும் ஹார்மோன் தூள் கட்டாயமில்லை. கார்பன்டசிம் பூசணக்கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, அடிப்பகுதியை 15 நிமிடம் நனைத்து, மறுபடி ஒருநாள் உலர்த்தி நடுவது நல்லது.

மூன்று, நாலு அங்குல ஆழம் ஊன்றினால் போதும். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும்தான். அழுகவும் அவ்வளவு இடம் கிடைக்கும். உறுதிக்கு ஒரு மூங்கில் குச்சியை நட்டு இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஆட்டம் கண்டால் புதிதாக வரும் வேர்முனை அறுந்துபோகும். நட்டதும் ஒருமுறை நன்றாக நனைத்துவிட்டு, விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர். கோடையில் வாரம் ஒருமுறை வரும். முதல் இரண்டு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடம், பிறகு நல்ல வெயில். மழை வந்தால் உள்ளே எடுத்து வையுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் வேர் பிடிக்கும். சில வகைகள் மூன்று மாதம்கூட எடுக்கும்.

கேள்வி: அடி லேசாக மெத்தென்று ஆகிவிட்டது. மேலே கெட்டியாக இருக்கிறது. காப்பாற்ற முடியுமா?
– வாசகர், தேனி

பதில்: முடியும், இன்றே செய்தால். பிடுங்கி, மெத்தென்ற பகுதிக்கு ஓர் அங்குலம் மேலே வெட்டுங்கள். வெட்டுமுகத்தின் நடுவைப் பாருங்கள். பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் கத்தியைத் துடைத்து இன்னும் ஓர் அங்குலம். நடுத்தண்டு சுத்த வெள்ளையாகத் தெரியும்வரை இப்படியே. ஆறு அங்குலத்துக்கு மேல் நல்ல தண்டு மிஞ்சினால் பத்து நாள் காயவிட்டுப் புதுக் கலவையில் நடலாம். மிஞ்சாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், உரக்குழியில் அல்ல. பழைய கலவையை மறுபடி குச்சி நடப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: துளிர் வைத்து வேரை நம்பக்கூடாது என்றால், வேர் வந்ததை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இழுத்துப் பார்க்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: இழுத்துப் பார்த்தால் வேர் இருந்ததா என்பது தெரியும், அதற்குப் பிறகு இருக்காது. இலையின் நீளத்தைப் பாருங்கள். சேமிப்பில் வரும் துளிர் இரண்டு, மூன்று அங்குலத்தில் நின்றுவிடும். வேர் பிடித்தபின் வரும் இலை ஐந்து, ஆறு அங்குலம் தாண்டி வளரும், தண்டின் சுருக்கமும் மறையும். கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேற்பாதியை வெட்டிவிட்டு, அடியில் ஐந்தாறு துளையிட்டு அதில் நடலாம். வேருக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் சுற்றிக் கறுப்புத்தாள். வாரம் ஒருமுறை தாளை விலக்கிப் பார்த்தால், வெள்ளை வேர் ஓரத்தில் ஓடுவது தெரியும். நாலைந்து வேர் தெரிந்தபின் மண் உதிராமல் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். புதுவேர் மிக நொய்மையானது.

கேள்வி: வட்டநுனி இலை, வெள்ளைப்பூ மரத்தின் குச்சி மூன்று முறை வைத்தும் வரவில்லை. சிவப்புப்பூ மரம் சுலபமாக வந்தது.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: உங்கள் கையில் குறையில்லை. வட்டநுனி இலைக்காரன் ப்ளுமேரியா அப்டூசா. நம் ஊரில் பெரும்பாலும் வருடம் முழுக்க இலையோடு நிற்கும், குச்சியில் வேர் பிடிக்கத் தாமதிக்கும். சிவப்பு, இளஞ்சிவப்பு, மஞ்சளில் பூக்கும் கூர்நுனி இலை மரம் ப்ளுமேரியா ரூப்ரா. அதுதான் சொன்னபடி கேட்கும். அப்டூசாவுக்கு இன்னும் முற்றிய தண்டு எடுங்கள், இரண்டு வாரம் முழுசாகக் காயவையுங்கள், ஹார்மோன் தூள் தடவுங்கள், சித்திரைச் சூட்டில் நடுங்கள், மூன்று மாதம் தொடாதீர்கள். மூன்றாவது ஒரு வகையும் நர்சரிகளில் கிடைக்கிறது: அகப்பை மாதிரி இலை, கொத்துக்கொத்தாய் வெள்ளைப்பூ, வாசனை கிடையாது. அது ப்ளுமேரியா புடிகா. யார் வைத்தாலும் வரும். வாசனைக்காகத்தான் ஈழத்தலரி வளர்க்கிறோம் என்பவர்கள் வாங்கும்முன் ஒரு பூவை முகர்ந்து பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மழை தொடங்கியதும் இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி, தொட்டால் கையில் மஞ்சள்தூள்போல் ஒட்டுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: துரு நோய். கோலியோஸ்போரியம் ப்ளுமேரியே என்ற பூசணம். பொடி காற்றில் பறந்து, ஈர இலையில் ஒட்டி முளைக்கும். மரத்தைக் கொல்லாது, இலையைக் கொட்டவைத்து மரத்தை இளைக்கவிடும். இளங்கன்றுக்குத்தான் அதிகக் கேடு. பொடி தெரிந்த இலையை உடனே பறித்து, மூடிய பையில் போட்டு அகற்றுங்கள். தரையில் விழுந்ததையும் பொறுக்க வேண்டும், அதைச் செய்யாமல் மருந்து மட்டும் தெளிப்பது வீண். பிறகு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம் அல்லது மான்கோசெப் பூசணக்கொல்லி 2 கிராம், இலையின் அடிப்பக்கம் படும்படி, பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை. கந்தகத்தை உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் தெளிக்கக் கூடாது, அப்போதும் கருகும். குச்சி வாங்கும்போது துரு பிடித்த இலையை முழுக்கக் கிள்ளிவிட்டு எடுத்து வந்தால் நோயைக் கூட்டிவர மாட்டீர்கள்.

கேள்வி: மாடியில் தொட்டியில் நாலு வருடமாக இருக்கிறது. இலை பிரமாதம், பூ இல்லை. வாரம் ஒருமுறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பதால் காலையில் மூன்று மணி நேரம் வெயில் வரும். ஆடி மாதம் ஒழுங்காகக் கவாத்தும் செய்கிறேன்.
– வாசகர், மதுரை

பதில்: பூ வராததற்கான காரணங்கள் எல்லாவற்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். ஈழத்தலரியில் பூங்கொத்து கொப்பின் நுனியில்தான் வரும். ஆடியில் வெட்டும்போது பூக்கவேண்டிய நுனியையே வெட்டிவிடுகிறீர்கள். அதற்குக் கீழே வரும் புதுக்கொப்பு முற்றிப் பூக்க இன்னொரு பருவம் வேண்டும், அதற்குள் அடுத்த ஆடி வந்துவிடுகிறது. வெட்ட வேண்டுமென்றால் மாசியில், அதுவும் எல்லாக் கொப்பையும் ஒரே வருடத்தில் வெட்டாமல். கிளை பிரிய வேண்டுமே என்ற கவலை வேண்டாம். பூத்து முடித்த நுனியில் தானாகவே இரண்டு மூன்று கொப்பு பிரியும்.

வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். தொட்டியை நகர்த்துங்கள். பிண்ணாக்கில் தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம், அதனால்தான் இலை பிரமாதம். அதை நிறுத்திவிட்டு, 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி எலும்புத்தூள், பங்குனி முதல் ஆவணி வரை மட்டும். பூக்கவைக்கும் என்று, மணிச்சத்து (பாஸ்பரஸ்) நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். மணிச்சத்து மிதமிஞ்சினால் செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும். குருத்திலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அதுதான்.

கேள்வி: மரத்தில் ஆட்டுக்கொம்புபோல் இரட்டைக் காய் வந்திருக்கிறது. விதை போட்டால் இதே நிறப்பூ வருமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: வருமென்று சொல்ல முடியாது. விதைக்கன்று தாயைப்போல் இருக்க வேண்டிய அவசியமில்லை, பூக்கவும் இரண்டு மூன்று வருடங்களுக்கு மேல் ஆகலாம். அதே நிறம் வேண்டுமென்றால் குச்சி அல்லது ஒட்டு. ஆனாலும் போட்டுப் பாருங்கள், புதுநிறம் வந்தாலும் வரலாம். காய் பழுப்பாகி வெடிக்கும்முன் வலைத்துணியால் கட்டிவையுங்கள். விதைக்குச் சிறகு உண்டு, பறந்துவிடும்.

கேள்வி: தாய்லாந்து வகை என்று வாங்கிய கன்றில் அடியிலிருந்து வேறுமாதிரி இலையோடு கொப்பு வருகிறது.
– வாசகர், ஓசூர்

பதில்: அது ஒட்டுக்கன்று, அதாவது வேறொரு கன்றின் (அடிக்கன்று) தண்டில் ஒட்டி வளர்த்தது. தண்டில் முடிச்சோ தழும்போ இருக்கும், பாருங்கள். அதற்குக் கீழே வருவதெல்லாம் அடிக்கன்றின் கொப்பு. விட்டுவைத்தால் சத்தை இழுத்துக்கொண்டு ஒட்டை நலிய வைக்கும். சிறு முளையிலேயே ஒட்டக் கிள்ளிவிடுங்கள்.

கேள்வி: பால் விஷமா? வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது.
– வாசகி, சேலம்

பதில்: தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், தடிக்கும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், வாயில் பட்டால் எரிச்சலும் வாந்தியும் வரலாம். வெட்டும்போது கையுறை போட்டு, குழந்தையை உள்ளே அனுப்பிவிடுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். உதிர்ந்த பூவை எடுத்து விளையாடினால் பயமில்லை, காம்பைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

கேள்வி: மார்கழியில் இலையெல்லாம் கொட்டி மொட்டைக் கட்டையாக நிற்கிறது. போய்விட்டதா?
– வாசகர், தர்மபுரி

பதில்: தூங்குகிறது. நகத்தால் தோலை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. தொட்டியில் இருந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் போதும், உரம் வேண்டாம். குச்சி வேண்டுமென்று கேட்டு வைத்தவர்கள் இருந்தால் மாசியில் வரச் சொல்லுங்கள்.