பரீட்சைக்குக் கட்டிய காசு திரும்பி வருமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகன் உயர்தரம் இரண்டாம் தடவை எழுத, ரியூசன் நிலையத்தில் 6,000 ரூபா கொடுத்துத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தோம். இப்போது கட்டாரில் வேலை சரிவந்துவிட்டது. பதிவை இரத்துச் செய்து காசை எடுக்கலாமா? 2,500 தந்தால் கொழும்பில் கதைத்து எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்."

அம்மா, முதலில் அந்த 2,500 ரூபாவைக் கொடுக்காதீர்கள். பரீட்சைத் திணைக்களத்துக்குக் கட்டிய கட்டணம் திரும்பி வராது, அடுத்த பரீட்சைக்கு மாற்றவும் மாட்டார்கள், திணைக்களம் இருக்கும் பெலவத்தையில் யாரைத் தெரிந்திருந்தாலும் இதுதான் நிலைமை. இரத்துச் செய்ய அலையவும் தேவையில்லை, மகன் பரீட்சைக்குப் போகாமல் விட்டால் போதும், தண்டம் ஒன்றும் வராது. ஆனால் ஒரு பாடத்தை மட்டும் எழுதிப் பார்க்கிறேன் என்று அவன் சொன்னால் விடாதீர்கள். ஒரு பாடம் எழுதினாலும் ஒரு தடவை கழிந்துவிடும், பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு.

சரி, அந்த 6,000 முழுவதும் திணைக்களத்துக்குத்தான் போனதா? அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் அதற்குப் பதிவு இருக்கும். அந்தப் பிரதியைக் கேளுங்கள். அதில் உள்ள தொகைதான் அரசுக்குப் போனது, மிச்சம் விண்ணப்பித்துக் கொடுத்தவரின் கையில். பிரதியே இல்லை என்றால் விண்ணப்பமே போகாமல் இருக்கலாம், அப்படியானால் முழுக் காசையும் அவர் திருப்பித் தர வேண்டும். நான் பாடசாலையில் பரீட்சை வேலை பார்த்த காலத்தில், பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அனுமதி அட்டை வரவில்லை என்று அழுதுகொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காசு வாங்கியவர் விண்ணப்பத்தை அனுப்பவே இல்லை. விண்ணப்பத்தில் தங்கள் தொலைபேசி இலக்கத்தையே போட்டுவிடுகிறவர்களும் உண்டு, பிறகு வரும் குறுஞ்செய்தி ஒன்றும் உங்கள் கண்ணில் படாது. கொமினிகேஷன் கடையில் செய்தாலும் மகனின் இலக்கத்தைப் போடச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

காசு திரும்பி வரக்கூடிய ஓர் இடம் உண்டு. நீங்களே வங்கி அட்டையால் கட்டும்போது சிலவேளை இணையம் அறுந்து, காசு கழிந்தும் விண்ணப்பம் முடியாமல் நின்றிருக்கும், பயத்தில் இன்னொரு தடவை கட்டியிருப்பீர்கள். இதற்குத் திணைக்களத்துக்கு ஓட வேண்டாம். கணக்கு அறிக்கையில் இரண்டு கழிவையும் கோடிட்டு, திகதியுடன், உங்கள் வங்கிக் கிளையில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது அன்றோடு முடிந்துவிடும். கடிதத்தின் பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள்.

அப்புறம், அரச பாடசாலையில் முதல் தடவை தோற்றும் பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணமே இல்லை. யாராவது அந்தப் பெயரில் காசு கேட்டால் எதற்கு என்று கேட்டு, பற்றுச்சீட்டு வாங்குங்கள். மாதிரிப் பரீட்சைக் காசுக்கும் அப்படித்தான், சீட்டு இல்லாமல் அதிபரிடம் போய்த் திருப்பிக் கேட்க முடியாது.

எனக்குக் கோபம் வருவது, இதையெல்லாம் பெற்றோருக்கு விளங்குகிற தமிழில் ஒரு தாளில் அடித்து ஒவ்வொரு பாடசாலையிலும் ஒட்ட ஏன் முடியவில்லை என்பதில்தான். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், ஒரு சந்தேகத்துக்காக யார் போவது? அந்தத் தூரத்தை வைத்துத்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். திணைக்களத்தின் 1911 இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.

ரியூசன் நிலையத்துக்கு மகனையே இந்த வாரம் அனுப்புங்கள். விண்ணப்பம் அவன் பெயரில், பிரதியைக் கேட்க வேண்டியவனும் அவன்தான். விமானம் ஏறிய பிறகு நீங்கள் தனியாகப் போய் நின்றால் நாளைக்கு வாங்கோ என்றுதான் சொல்வார்கள்.