கிலுகிலுப்பையைத் திருப்பிப் பார்க்காத மகள்

கேள்வி: என் மகள் 30 வாரத்தில் பிறந்தாள். இப்போது 8 மாதம். கிலுகிலுப்பையைக் கொடுத்தால் ஒரு கையால் பிடிக்கிறாள், சற்று நேரத்தில் விட்டுவிடுகிறாள். அதே வயதுள்ள என் நாத்தனார் மகன் எதையும் திருப்பிப் பார்க்கிறான், தட்டுகிறான், கை மாற்றுகிறான். இவளுக்கு அறிவு வளர்ச்சியில் குறை இருக்குமோ?

பதில்: முதலில் வயதைத் திருத்திக்கொள்ளுங்கள். 40 வாரத்துக்கு 10 வாரம் முன்பே பிறந்தவள் என்பதால், 8 மாதத்தில் ஏறக்குறைய இரண்டேகால் மாதத்தைக் கழிக்க வேண்டும். வளர்ச்சியைப் பொறுத்தவரை அவளுக்கு ஐந்தே முக்கால் மாதம்தான். கை மாற்றுவது பெரும்பாலான குழந்தைகளிடம் 6, 7 மாதத்தில்தான் தெளிவாகத் தெரியும். இரண்டு வயது வரை இந்தக் கணக்கையே வையுங்கள்; நாத்தனார் மகனோடு ஒப்பிட வேண்டாம்.

ஆனாலும் உங்கள் கவனிப்பை நான் ஒதுக்கிவிட மாட்டேன். வயதைத் திருத்திய பிறகும், குறைமாதக் குழந்தைகள் பலர் பொருளைத் திருப்புவதும் விரலால் தடவுவதும் குறைவாகவே இருக்கும். இதற்கு ஒரு காரணம் தோளில் இருக்கிறது. கருவின் கடைசி வாரங்களில் இடம் நெருக்கமாகி, குழந்தை கைகால் மடக்கிச் சுருண்டு கிடக்கும். அந்த வாரங்களை இழந்த குழந்தை, தசை வலுவாகும் முன்பே மல்லாந்து கிடக்கிறது. தோள்கள் பின்னுக்குப் போய், கைகள் இருபுறமும் சாய்ந்துவிடுகின்றன. இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே சந்திக்காவிட்டால் பொருள் எப்படிக் கை மாறும்? கண்ணுக்கு எதிரே வராத பொருளை எப்படித் திருப்பிப் பார்ப்பாள்? அதனால் புது பொம்மை வாங்குவதற்கு முன் படுக்கும் விதத்தை மாற்றுங்கள்.

அவள் விழித்திருக்கும்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் சுருட்டிய துண்டை அணையாக வையுங்கள். கைகள் தாமாகவே முன்னால் வந்து சேரும். மடியில் வைத்திருந்தால், அவளுடைய இரு தோள்களையும் உங்கள் கையால் லேசாக முன்னுக்கு அணைத்துப் பிடியுங்கள். குப்புறப் போடுவதை 2, 3 நிமிடமாகப் பிரித்து நாளுக்குப் பலமுறை செய்யலாம். இவை எல்லாம் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தூங்கும்போது மல்லாத்தித்தான் படுக்கவைக்க வேண்டும், துண்டும் அணையும் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு பொருள் போதும். எடை குறைவாக, பிடி உங்கள் சுண்டுவிரல் பருமனில் இருக்கட்டும். கையில் திணிக்காமல், நெஞ்சுக்கு நேரே சுமார் 20 செ.மீ. தூரத்தில் காட்டிவிட்டு மனத்துக்குள் 15 வரை எண்ணுங்கள். நம்மில் பலர் மூன்றாவது நொடியிலேயே ஆட்டிக் காட்டிவிடுகிறோம். குழந்தையின் முறை அங்கேயே போய்விடுகிறது. அடுத்து சொரசொரப்பானது, பிறகு மெத்தென்றது என்று மாற்றுங்கள். வாயில் வைத்தால் தடுக்காதீர்கள், அதுவும் ஆராய்ச்சிதான். ஆனால் 4 செ.மீ. அகல வட்டத்துக்குள் நுழையும் எதையும் தர வேண்டாம். முகத்தைத் திருப்பினாலோ விரல்களை விறைப்பாக விரித்தாலோ களைத்துவிட்டாள், நிறுத்திவிடுங்கள்.

ஒரு கை என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் அதே கைதானா? இதை ஒரு வாரம் கவனியுங்கள். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, விரல்கள் எந்நேரமும் மூடியே இருப்பது, திருத்திய 6 மாதம் முடிந்தும் பொருளை எட்டிப் பிடிக்க முயலாதது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி இயன்முறைப் பயிற்சி பற்றிக் கேளுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்கான விழித்திரைப் பரிசோதனையும் செவிப் பரிசோதனையும் முடிந்துவிட்டனவா என்று மருத்துவமனைச் சீட்டைப் பாருங்கள். சரியாகத் தெரியாத பொருளை எந்தக் குழந்தையும் ஆர்வமாகத் திருப்பிப் பார்க்காது.