வேலூரில் மாடி அறையில் மரம் ஏற்றும் மாதிரி ரயில்: எந்த எஞ்சின், எப்படிப் பாதை?

எட்டுக்கு நான்கு அடிப் பலகையில், எச்.ஓ. எனப்படும் 1:87 அளவில் (அசலில் 87இல் ஒரு பங்கு), காட்டு மரம் இறக்கும் ரயிலை அமைக்க எது ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். என் தேர்வு ஷே எஞ்சின்தான்.

அமெரிக்காவின் மிச்சிகனில் மரத்தொழில் செய்த எஃப்ரைம் ஷே 1881இல் காப்புரிமை பெற்ற இந்த எஞ்சினில், நீராவி உருளைகள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். அந்த எடையை ஈடுகட்டக் கொதிகலன் இடப்பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். பக்கவாட்டில் ஓடும் நீண்ட தண்டு, பற்சக்கரங்கள் வழியே எல்லாச் சக்கரங்களையும் இழுப்பதால், ஏற்றத்திலும் கூர்மையான வளைவிலும் அது நிதானமாக ஏறும். வளைவில் போகி (சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்) திரும்பும்போது இத்தண்டு நீளவும் சுருங்கவும் வேண்டும். மாதிரியில் அந்த இணைப்பு இறுகியிருந்தால் சக்கரம் தடம் புரளும். ஆகவே வண்ணம் பூசுவதற்கு முன்பே கையால் உருட்டிப் பாருங்கள்.

ஒரு பாதை மற்றொன்றின் மேல் கடக்க ஏறத்தாழ 7.5 செ.மீ. உயரம் தேவை, 100க்கு 4 என்ற ஏற்றத்தில் அதற்கு 190 செ.மீ. நீளம் போய்விடும். வளைவின் ஆரம் 45 செ.மீ. போதும்.

நம் ஊர் வெயிலை மறந்துவிடாதீர்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் 3 மீட்டருக்கு ஏறக்குறைய 1 மி.மீ. நீளும் என்பதால், கோடைப் பகலில் தண்டவாளம் சூடாக இருக்கும்போதே, இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். காட்சிக்கு ஜவ்வாது மலையின் பாறைச் சரிவுகளையே பார்த்துச் செய்யலாம்.